கருவிழிக்கு எந்தப் பொருள்? – வாசகர் கேள்வி பதில்

நம் ஊர்க் கண்ணாடிக் கடைகளில் ‘செமி-சாஃப்ட்’ என்று சொல்லப்படுவதும், மருத்துவர் சீட்டில் ‘ஆர்.ஜி.பி.’ (ரிஜிட் கேஸ் பெர்மியபிள்) என்று எழுதப்படுவதும் ஒரே கான்டாக்ட் லென்ஸ்தான். பெயரைக் கேட்டு அதைப் பாதி மென்மையான பொருள் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். தொட்டுப் பார்த்தால் அது விறைப்பாகவே இருக்கும். ஆனால் பழைய ஹார்ட் லென்ஸைப் போலன்றி, ஆக்சிஜனைத் தன் வழியாகவே கடத்திவிடும் பிளாஸ்டிக் அது. அந்தப் பிளாஸ்டிக்கில் பல வகைகள் உண்டு என்று சென்ற இதழில் குறிப்பிட்டிருந்தேன். எந்த வகையைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு மட்டும் இம்முறை பதில் எழுதுகிறேன்.

என் மகனுக்கு வயது 19. இரண்டு கண்களிலும் கெரட்டோகோனஸ் (கருவிழி மெலிந்து கூம்புபோல் பிதுங்குவது) இருப்பதாகக் கண்டறிந்து, அது மேலும் கூடாமல் கருவிழியை உறுதிப்படுத்தும் சி3ஆர் சிகிச்சை செய்தார்கள். இப்போது ஆர்.ஜி.பி. லென்ஸ் அணியச் சொல்லியிருக்கிறார்கள். ‘டிகே’ 18, 58, 100 என்று மூன்று வகைப் பொருள்களைச் சொல்லி, விலையும் அந்த வரிசையிலேயே ஏறும் என்கிறார்கள். அதிக எண் உள்ளதுதான் சிறந்ததா?
– ஒரு வாசகி, ஈரோடு

அம்மா, அந்த எண் பொய் சொல்வதில்லை. ஆனால் அது முழு உண்மையையும் சொல்வதில்லை. கருவிழியில், அதாவது கண்ணின் முன்புறத்தில் உள்ள தெளிந்த படலமான கார்னியாவில், இரத்தக் குழாய்கள் கிடையாது. ஒளி தடையின்றி உள்ளே செல்வதற்காக இயற்கை அதை அப்படி அமைத்திருக்கிறது. ஆகவே விழித்திருக்கும்போது கருவிழி தனக்கு வேண்டிய ஆக்சிஜனைப் பெரும்பாலும் கண்ணீரில் கரைந்து வரும் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அதன் மேல் ஒரு லென்ஸை வைத்தால், அந்த வழியில் ஒரு கதவைச் சாத்தியதாக ஆகும். அந்தக் கதவு எவ்வளவு காற்றை விடும் பொருளால் ஆனது என்பதைத்தான் டிகே குறிக்கிறது. தாங்கள் எழுதியிருக்கும் மூன்று எண்களும் பாஸ்டன் என்னும் வரிசையில் ஈ.எஸ்., ஈ.ஓ., எக்ஸ்.ஓ. ஆகிய பொருள்களின் எண்களோடு ஒத்துப்போகின்றன.

கதவின் பொருளைப் போலவே அதன் கனமும் முக்கியம். அதனால்தான் டிகே மதிப்பை லென்ஸின் தடிமனால் வகுத்துப் பார்க்கிறோம். நடுவில் 0.15 மில்லிமீட்டர் தடிமன் உள்ள லென்ஸுக்குக் கணக்கிட்டால், டிகே 18 உள்ள பொருளில் 12, 58 உள்ளதில் ஏறத்தாழ 39, 100 உள்ளதில் ஏறத்தாழ 67 என்று வரும். பகலில் மட்டும் அணியும் லென்ஸ் கருவிழியை வீங்கச் செய்யாமல் இருக்க இந்த மதிப்பு 24ஆவது இருக்க வேண்டும் என்று ஹோல்டன், மெர்ட்ஸ் ஆகிய இருவர் 1984இல் கண்டறிந்தார்கள். பிறகு 1999இல் ஹார்விட், பொனான்னோ ஆகியோர் அந்த வரம்பை 35ஆக உயர்த்தினார்கள். தங்கள் மகனின் மூன்று பொருள்களில் இரண்டு இந்த வரம்பைத் தாண்டுகின்றன, ஒன்று தாண்டவில்லை.

ஆர்.ஜி.பி. லென்ஸுக்கு இன்னொரு துணையும் உண்டு. அது கருவிழியை விடச் சிறியது. இமைக்கும்போது சற்று அசைந்து, அடியில் உள்ள கண்ணீரில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை புதிதாக மாற்றிவிடுகிறது. சாஃப்ட் லென்ஸில் இந்த மாற்றம் நூற்றில் ஒரு பங்கு அளவில்தான் நடக்கிறது. ஆகையால் டிகே 18 உள்ள லென்ஸை அணிந்த கண் உடனே கெட்டுவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் தங்கள் மகனுக்கு 19 வயதுதான் ஆகிறது. தினமும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம், இன்னும் பல பத்தாண்டுகள் அவர் லென்ஸ் அணிய வேண்டியிருக்கும். அவருக்கு நான் 18ஐத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

அப்படியானால் 100ஐயே வாங்கிவிடலாமே என்று தோன்றும். இங்குதான் அந்தப் பிளாஸ்டிக்கின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பழைய ஹார்ட் லென்ஸின் மூலப்பொருளான மெத்தில் மெத்தாக்ரிலேட் விறைப்பையும் தெளிவையும் தருகிறது; ஆனால் காற்றை விடுவதில்லை. சிலிகான் சேர்த்தால் காற்று புகும். அதோடு பொருள் சற்று நெகிழும், கண்ணீரில் உள்ள கொழுப்பையும் தன்மேல் இழுத்துக்கொள்ளும். ஃப்ளூரின் சேர்த்தால் ஆக்சிஜன் இன்னும் எளிதாகக் கரைந்து செல்லும், அழுக்கும் குறைவாகவே ஒட்டும். மேற்பரப்பில் கண்ணீர் பரவுவதற்காகச் சேர்க்கப்படும் மெத்தாக்ரிலிக் அமிலமோ, எதிர்மின் தன்மை கொண்டதால் கண்ணீரின் புரதத்தைக் கவர்ந்துவிடும். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும் என்பதே இந்தத் தொழிலின் கணக்கு. பொதுவாக டிகே ஏற ஏறப் பொருள் மென்மையாகி, எளிதில் கீறல் விழும், எளிதில் உடையும்.

கெரட்டோகோனஸ் உள்ள பிள்ளைகளில் பலருக்குக் கண் அலர்ஜியும் சேர்ந்தே இருக்கிறது. அரிக்கும், கசக்குவார்கள், லென்ஸில் சளி போன்ற படிவு சேரும், ஒரே நாளில் இரண்டு மூன்று முறை கழற்றிக் கழுவ வேண்டிவரும். கைப்பழக்கம் இன்னும் வராத 19 வயதுப் பையனின் விரல்களில் மென்மையான லென்ஸ் நீண்ட நாள் தாங்காது. லென்ஸின் பவர் மிக அதிகமாக இருந்து ஓரம் தடித்துப்போனால் 100ஐயும், மற்றபடி 58ஐயும் தேர்ந்தெடுப்பது என் வழக்கம். கீறல் விழுந்த லென்ஸை மாற்றப் பணமில்லை என்று இரண்டு ஆண்டு அப்படியே அணிந்துகொண்டிருப்பதை விட, நடுத்தர விலையில் வாங்கிய லென்ஸை உரிய காலத்தில் மாற்றுவது கண்ணுக்கு நல்லது.

பொருளை விடவும் தாங்கள் விடாப்பிடியாகக் கேட்க வேண்டியது ஃபிட்டிங்கைப் பற்றித்தான். சோதனை லென்ஸைப் போட்டு, ஃப்ளூரசீன் சாயம் தொட்டு, நீல ஒளியில் பார்க்கும்போது லென்ஸுக்கு அடியில் உள்ள கண்ணீர் பச்சையாக ஒளிரும். கூம்பின் உச்சியில் அந்தப் பச்சை சற்றே மங்கி, இறகு பட்டாற்போலத் தெரிந்தால் நல்லது. அங்கே நாணயம் வைத்தாற்போலக் கருவட்டம் தெரிந்தால் லென்ஸ் உச்சியை அழுத்துகிறது என்று பொருள். நாளடைவில் அந்த இடத்தில் தழும்பு விழக்கூடும். டிகே 100 ஆனாலும் அந்தத் தழும்பைத் தடுக்காது. மற்றொன்று: எந்தப் பொருளானாலும் அவர் லென்ஸுடன் உறங்கக் கூடாது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். 1984 முதல் பழைய ஹார்ட் லென்ஸ்தான் அணிந்துவந்தேன். ஒரு நாளும் உறுத்தியதில்லை. அண்மையில் மருத்துவர் வற்புறுத்தி ஆர்.ஜி.பி.க்கு மாற்றினார். விலை உயர்ந்த லென்ஸ். ஆனால் கண்ணில் மணல் விழுந்தாற்போல் இருக்கிறது. இரண்டு மாதத்தில் ஒன்று உடைந்தும்விட்டது. பழையதற்கே திரும்பிவிடலாமா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

ஐயா, தயவுசெய்து திரும்பாதீர்கள். தாங்கள் இத்தனை ஆண்டுகளாக அணிந்தது பி.எம்.எம்.ஏ. என்னும் பிளாஸ்டிக். 1948இல் அமெரிக்காவின் கெவின் டூயி கருவிழி மேல் மட்டும் அமரும் லென்ஸை உருவாக்கியது இந்தப் பொருளில்தான். ஒளித்தெளிவிலும் உறுதியிலும் அதற்கு ஈடு சொல்வது கடினம். ஆனால் அதன் டிகே மதிப்பு ஏறக்குறைய பூஜ்யம். அடியில் மாறும் கண்ணீர் கொண்டுவரும் ஆக்சிஜனை மட்டுமே நம்பித் தங்கள் கருவிழி இத்தனை காலம் பிழைத்திருக்கிறது.

பழைய லென்ஸ் உறுத்தாததற்குக் காரணம் அது கண்ணுக்கு இதமாக இருந்தது என்பதன்று. நீண்ட நாள் ஆக்சிஜன் குறைவால் கருவிழியின் உணர்ச்சி மங்கிவிடும். இப்போது காற்றுக் கிடைத்ததும் அந்த உணர்ச்சி திரும்புகிறது. புதிய லென்ஸின் ஓரத்தைத் தங்கள் கண் இப்போதுதான் உணர்கிறது. இந்த உறுத்தல் பெரும்பாலும் சில வாரங்களில் பழகிவிடும். ஆனால் கண் சிவந்தாலோ வலித்தாலோ பார்வை மங்கினாலோ அதைப் பழக்கக் குறைவு என்று விட்டுவிடாமல், அன்றே காட்ட வேண்டும்.

தாங்கள் மாலையில் லென்ஸைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி போட்டபோது, ஒரு மணி நேரமாவது எல்லாம் கலங்கலாகவே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். பி.எம்.எம்.ஏ. அணிந்தவர்கள் பலரும் அதை இயல்பு என்றே எண்ணிக்கொண்டார்கள். உண்மையில் அது கருவிழி வீங்கி வடிவம் மாறியிருந்ததன் அடையாளம். இப்போது அந்த வடிவம் மெல்ல மெல்லத் தன் பழைய நிலைக்குத் திரும்பும். அப்படித் திரும்பும்போது லென்ஸின் வளைவும் பவரும் பொருந்தாமல் போகலாம். ஆகவே உடைந்ததற்குப் பதிலாக உடனே அதே அளவில் வாங்காமல், கண்ணை மறுபடி அளந்து பார்த்துவிட்டு ஆர்டர் கொடுக்கச் சொல்லுங்கள்.

உடைந்ததற்குக் காரணம் கைப்பழக்கமாகத்தான் இருக்க வேண்டும். பழைய லென்ஸைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்திருப்பீர்கள்; அது தாங்கிக்கொண்டது. புதியது தாங்காது. உள்ளங்கையைக் குழியாக்கி, லென்ஸைக் கிண்ணம்போல் நிமிர்த்தி வைத்து, இரண்டு சொட்டுத் திரவம் விட்டு, சுண்டுவிரல் நுனியால் மெல்லத் தடவுங்கள். சுண்டுவிரலுக்கு வலு குறைவு என்பதற்காகவே அதைச் சொல்கிறேன். தங்களைப் போன்று நெடுங்காலப் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரேயடியாக மிக உயர்ந்த டிகேக்குப் போகாமல், 60ஐ ஒட்டிய பொருளில் தொடங்குவது நல்லது என்பது என் எண்ணம்; உறுதியும் ஓரளவு இருக்கும், காற்றும் போதும்.

கண்புரை அறுவை சிகிச்சையில் என் பாட்டிக்குக் கண்ணுக்குள்ளே வைத்த லென்ஸும் பி.எம்.எம்.ஏ.தான் என்று சொன்னார்கள். அது கேடு இல்லையா?
– ஒரு மாணவி, மதுரை

கேடு இல்லை. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் கருவிழிக்கும் காற்றுக்கும் நடுவில் நிற்பதில்லை. போர்க்காலத்தில் விமானத்தின் பிளாஸ்டிக் கூரைத் துண்டுகள் விமானிகளின் கண்ணுக்குள் புகுந்தும் கண் அவற்றை வெறுத்து ஒதுக்காமல் இருந்ததைக் கவனித்த ஹாரல்ட் ரிட்லி, 1949இல் லண்டனில் முதல் உள்விழி லென்ஸை வைத்தார். உங்கள் ஊரிலேயே அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் 1992 முதல் உள்விழி லென்ஸ்களைச் செய்துவருகிறது. ஒரே பொருள் கண்ணுக்கு உள்ளே நண்பனாகவும் கருவிழிக்கு மேலே மூச்சடைப்பாகவும் இருப்பது, பொருளை அது இருக்கும் இடத்தோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும் என்பதற்கு நல்ல சான்று.

நாள் முழுவதும் குளிர்சாதன அறையில் கணினி முன் வேலை. காலையில் போட்ட லென்ஸ் மூன்று மணி நேரத்தில் எண்ணெய் தடவிய கண்ணாடிபோல் மங்கிவிடுகிறது. கண்ணீர் நன்றாகப் பரவும் பொருளுக்கு மாறச் சொல்லி, ஏதோ ஒரு ‘கோணம்’ குறைவாக உள்ள லென்ஸைக் கேட்கச் சொல்கிறார் நண்பர். மாறலாமா?
– ஒரு வாசகர், சென்னை

தங்கள் நண்பர் சொல்வது ஈரக்கோணம். மேற்பரப்பில் ஒரு சொட்டு நீரை வைத்தால், தாமரை இலையில் போல முத்தாக நின்றால் கோணம் பெரியது. வாழை இலையைத் துடைத்தபின் தெளித்த நீர்போலப் படர்ந்தால் கோணம் சிறியது. சிறிய கோணமே கண்ணுக்கு ஏற்றது. ஆனால் இந்தக் கோணத்தை அளக்க ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள் உள்ளன. ஒரு நிறுவனம் ஒரு முறையிலும் மற்றொன்று வேறு முறையிலும் அளந்து அச்சிடுவதால், இரண்டு அட்டைகளில் உள்ள எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை. மேலும், லென்ஸ் கண்ணுக்குள் சென்று சில நிமிடங்களில் தங்கள் கண்ணீரின் புரதமும் கொழுப்பும் அதன் மேல் பூசிக்கொள்கின்றன. அதன் பிறகு தொழிற்கூடத்தில் அளந்த கோணத்துக்குப் பெரிய மதிப்பு இல்லை.

லென்ஸ் புதிதாக வந்த முதல் நாளிலிருந்தே மங்கியிருந்தால், லேத்தில் கடைந்தபோது பட்டனை (லென்ஸாகக் கடைய எடுக்கும் பிளாஸ்டிக் வில்லையை) பிடித்துவைக்கப் பயன்பட்ட மெழுகோ பாலிஷோ மேற்பரப்பில் தங்கியிருக்கலாம். அதைக் கொடுத்த இடத்திலேயே தக்க திரவத்தால் சுத்தம் செய்து தருவார்கள். முதலில் நன்றாக இருந்து, சில மாதங்களில் மங்கத் தொடங்கியிருந்தால் படிவின் மேல் சந்தேகம் கொள்ளுங்கள். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய கையும், மாய்ஸ்சரைசர் கலந்த சோப்பில் கழுவிய கையும் லென்ஸுக்கு எதிரிகள். முதலில் லென்ஸைப் போட்டுவிட்டுப் பிறகு எண்ணெயும் க்ரீமும் தடவிக்கொள்ளுங்கள்.

ஆனால் தங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது ‘கணினி முன்’ என்ற சொல்தான். திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைகிறது. இமைக்கும் இமையும் முழுவதும் மூடுவதில்லை. லென்ஸின் கீழ்ப்பாதி காய்ந்து, காய்ந்த இடத்தில் கொழுப்பு ஒட்டுகிறது. பொருளை மாற்றுவதற்கு முன் இமை ஓரத்துக் கொழுப்புச் சுரப்பிகள் அடைத்திருக்கின்றனவா என்று பரிசோதித்துக்கொள்ளுங்கள். அடைப்பு இருந்தால் எந்தப் பிளாஸ்டிக்கும் மூன்று மணி நேரத்துக்கு மேல் தெளிவாக இராது.

இவை அனைத்தும் சரியாக இருந்தும் மங்கினால், சிலிகான் குறைந்து ஃப்ளூரின் கூடிய பொருளுக்கு மாறலாம்; அல்லது ‘ஹைட்ரா-பெக்’ பூச்சுள்ள லென்ஸைக் கேட்கலாம். பாலிஎத்திலின் கிளைக்கால் என்ற, நீரைத் தன்னுள் வைத்துக்கொள்ளும் பொருளின் மெல்லிய படலம் அது. கண்ணீர் அதன் மேல் நன்றாகப் பரவுகிறது. ஆனால் அதைப் பேணத் தெரியாவிட்டால் பணம் வீண். தேய்த்துச் சுத்தம் செய்யும் நுண்துகள்கள் கலந்த கிளீனரும், ஆல்கஹால் உள்ள கிளீனரும், குழாய்த் தண்ணீரும் அந்தப் பூச்சை அரித்துவிடும். கீறலைப் போக்க பாலிஷ் போடவும் முடியாது. குழாய்த் தண்ணீர் பூச்சில்லாத லென்ஸுக்கும் ஆகாது: அதில் இருக்கக்கூடிய அகந்தமீபா என்ற கிருமி கருவிழியில் புகுந்தால் பார்வையே போகக்கூடும்.

எனக்குச் சிலிண்டர் பவர் 3.50. டிகே மிக அதிகமான, மெல்லிய லென்ஸ் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் எழுத்து ஒரு கணம் தெளிந்து, பிறகு நிழல் விழுகிறது. பொருளில் குறையா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

குறை பொருளில் இல்லை. மெல்லிய லென்ஸ் தங்கள் கண்ணின் வடிவத்தோடு கூடியதில் அது இருக்கலாம். கருவிழி ஒரு திசையில் அதிகமாகவும் மற்றொன்றில் குறைவாகவும் வளைந்திருக்கும்போது, அதன் மேல் அமரும் மெல்லிய லென்ஸ் இமையின் அழுத்தத்தில் தானும் அப்படியே வளைகிறது. விறைப்பாக நின்று கருவிழியின் கோணலை மறைக்க வேண்டிய லென்ஸ், கோணலுக்கு இணங்கிப்போவதால் நிழல் விழுகிறது. லென்ஸ் கண்ணில் இருக்கும்போதே கெரட்டோமீட்டரில் வளைவை அளந்தால் இது தெரிந்துவிடும்.

பொருளை மாற்றுவதற்கு முன் தடிமனைக் கூட்டச் சொல்லுங்கள். 0.15 மில்லிமீட்டரை 0.18 ஆக்கினால் வளைவு வெகுவாகக் குறையும். டிகே 100 உள்ள பொருளானால் அப்போதும் 55க்கு மேல் ஆக்சிஜன் கிடைக்கும். இதையே டிகே 58இல் செய்தால் 32 ஆகிவிடும். உயர்ந்த டிகேயின் உண்மையான பயன் இங்குதான்: தடிமனைக் கூட்டிக்கொள்ள அது இடம் தருகிறது. அந்த இடத்தை மெல்லிய லென்ஸ் செய்வதற்குச் செலவழித்துவிட்டால், தாங்கள் படும் துன்பம் வரும். 3.50 என்பது பெரும்பாலும் கருவிழியிலேயே இருந்தால், உட்புறத்தையே கருவிழிக்கு இணையாகக் கடைந்த டோரிக் லென்ஸ் இன்னும் பொருத்தம்.

ஸ்கிளீரல் லென்ஸ் அணிகிறேன். டிகே 100 என்கிறார்கள். சாதாரண ஆர்.ஜி.பி.க்கு 100 தாராளம் என்றால், இதற்கும் போதும்தானே?
– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

இங்கே மட்டும் நான் தயங்காமல் பெரிய எண்ணின் பக்கம் நிற்கிறேன். ஸ்கிளீரல் லென்ஸ் கருவிழியைத் தொடாமல் வெண்விழியில் அமர்கிறது. நடுவில் ஒரு கண்ணீர்த் தேக்கம் நிற்கிறது. லென்ஸ் பெரும்பாலும் அசைவதில்லை, ஆகவே கண்ணீர் மாறுவதும் மிகக் குறைவு. சாதாரண ஆர்.ஜி.பி.க்கு இருந்த துணை இங்கே இல்லை. ஆக்சிஜன் இரண்டு சுவர்களைத் தாண்ட வேண்டும்: ஒன்று 0.3 மில்லிமீட்டர் அளவிலான பிளாஸ்டிக், மற்றொன்று கண்ணீர். கண்ணீரின் டிகே ஏறத்தாழ 80. தேக்கம் 200 மைக்ரான் (0.2 மில்லிமீட்டர்) என்றால், டிகே 100 உள்ள லென்ஸில் இரண்டையும் கடந்து சேரும் மதிப்பு ஏறத்தாழ 18 மட்டுமே. டிகே 180 உள்ள பொருளில் அது 24 ஆகிறது. தேக்கத்தை 150 மைக்ரானாகக் குறைத்தால் இன்னும் சற்று ஏறும்.

1888இல் அடால்ஃப் ஃபிக் வெளியிட்ட முதல் கான்டாக்ட் லென்ஸ் கண்ணாடியால் ஆன, வெண்விழியில் அமரும் லென்ஸ்தான். ஒரு சில மணி நேரத்துக்கு மேல் அதை அணிய இயலவில்லை. அந்த வடிவம் கைவிடப்பட்டுக் கிடந்து, ஆக்சிஜன் கடத்தும் பிளாஸ்டிக்கில் எசக்கியேல் 1983இல் அதைச் செய்து காட்டிய பிறகே மீண்டும் உயிர்பெற்றது. தாங்கள் அடுத்த முறை மாற்றும்போது, டிகே 150க்கு மேற்பட்ட பொருள், 250 மைக்ரானை ஒட்டிய தடிமன், 200 மைக்ரானுக்கு மேற்படாத தேக்கம் ஆகிய மூன்றும் தங்கள் கண்ணுக்கு இயலுமா என்று கேளுங்கள். கருவிழி ஒட்டு அறுவை செய்துகொண்ட கண்ணாக இருந்தால், அடுத்த முறை வரை காத்திராமல் இப்போதே கேளுங்கள்.

வெளியூர் வந்த இடத்தில் ஒரு லென்ஸ் தொலைந்துவிட்டது. மாற்று லென்ஸ் கேட்டால், “என்ன மெட்டீரியல்?” என்கிறார்கள். மற்ற கண்ணில் உள்ளதைப் பார்த்துச் சொல்ல முடியாதா?
– ஒரு வாசகர், திருச்சி

பார்த்துச் சொல்ல முடியாது. வளைவையும் விட்டத்தையும் பவரையும் கருவியில் அளந்துவிடலாம்; ஆனால் நீல நிறச் சாயமிட்ட இரண்டு லென்ஸ்களில் எது எந்தப் பொருள் என்பது கண்ணுக்குத் தெரியாது. பொருள் மாறினால் ஒளிவிலகல் எண்ணும் மாறும்: பி.எம்.எம்.ஏ.க்கு 1.49, பாஸ்டன் ஈ.எஸ்.க்கு 1.443, எக்ஸ்.ஓ.க்கு 1.415. அதே பவரை வேறு பொருளில் செய்தால் தடிமன் மாறும். கண்ணில் அமர்வதும் மாறலாம். தங்களுக்கு முதலில் லென்ஸ் கொடுத்த இடத்தின் பதிவேட்டில் விவரம் இருக்கும். தொலைபேசியில் கேட்டு, ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகப் பொருளின் முழுப் பெயர், உள்வளைவு, விட்டம், பவர், நடுத்தடிமன், பூச்சு உண்டா இல்லையா என்ற ஆறையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டை லென்ஸ் டப்பாவுடன் வைக்காதீர்கள். டப்பா தொலையும்போது அதுவும் தொலைந்துவிடும். கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.